கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மே 18, ஞாயிறு

வெயில் கொல்கிறது. கரண்ட் இல்லை. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும் வேலை என் தலையில்.

மஸ்கட்டிலிருந்து அக்கா போன். அடுத்த மாதம் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அப்பா, அம்மாவக் கூட்டிக்கிட்டு நீங்க வாங்க. அவரு டிக்கெட் போட்டுடுவாரு."

அப்பா: "நாங்க வரல பாப்பா. ஏரோப்பிளேன்னாலே வெறுப்பா இருக்குது."

நாங்களா? யாரைக் கேட்டு? 'நான் வரல' என்றால் வாய் வலிக்குமா? அம்மா அடுக்களையில்தான் நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஷார்ஜாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே லீவுக்கு லீவு விமானம். போன வருடம் ரிட்டயர்ட். இப்போது வெறும் டயர்ட். ஈசிச்சேர், டிவி, தூக்கம்.

அம்மா பார்த்த விமான நிலையம்: திருச்சி. அதுவும் கண்ணாடிக் கதவு வரைக்கும். ஒவ்வொரு தடவையும் வேன், வேன் நிறையச் சொந்தக்காரர்கள், டாட்டா, அழுகை, திரும்பும் வழியில் டீ. 'ரிட்டயர் ஆனதும் உன்ன பிளேன்ல கூட்டிக்கிட்டுப் போறேன்' என்று இதே அப்பா சொல்லித்தான் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தது. அதில் ஒரு முத்திரை கூட இல்லை.

மே 19, திங்கள்

புழுக்கம். ஈசிச்சேரில் ஒரு போர்டிங் பாஸ் ஒட்டினேன். புறப்பாடு: டிவி. சேருமிடம்: குறட்டை.

அப்பா சிரித்தார். "கொழுப்புடி உனக்கு." சிரித்ததில் இன்னும் எரிச்சல்.

"உங்களுக்கு அலுத்துப் போச்சு. அம்மா இன்னும் ஏறவே இல்லியேப்பா?"

"ஏறி என்னத்தப் பாக்கப் போறா? மேகம்தான். காது அடைக்கும்."

பிரியாணி தின்று ஏப்பம் விட்டவர், இலையே கிடைக்காதவளிடம் உப்பு கம்மி என்கிறார்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்தது இல்லடி உங்கப்பா. உள்ள போனா போனதுதான்."

மே 20, செவ்வாய்

மறுபடி அக்கா. போன் ஸ்பீக்கரில்.

"அம்மா மட்டுமாவது வரட்டும்ப்பா."

"தனியா எப்படி வருவா? நம்ம ஜங்ஷன்லயே பிளாட்பாரம் மாறத் தெரியாது அவளுக்கு."

அம்மா கரண்டியோடு வந்தாள். "நான் எப்ப வரலன்னு சொன்னேன்?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "தனியாவா?"

"மொத தடவ நீங்க யாரோட போனீங்க?"

அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அறைக்குள் ஓடித் தலையணைக்குள் விசில். தோசை கருகியது. யாரும் திட்டவில்லை.

மே 31, சனி

அம்மாவை விமானம் ஏற்றத் திருச்சி போய் வந்தாயிற்று. கால் வலி. இன்னும் கோபம்.

பெட்டியில்: ஊறுகாய், வடகம், பூண்டு லேகியம், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி. அப்பாவே கயிறு கட்டி, மேலே அம்மா பெயரைப் பெரிதாக எழுதினார். வழக்கம்போல் வேன். பெரியம்மா, சித்தப்பா, எல்லாரும்.

இறங்கியதும் அப்பா பெட்டியை டிராலியில் ஏற்றி, விடுவிடுவென்று வாசல் வரிசையில் போய் நின்றுவிட்டார். அம்மா? கம்பித் தடுப்பு ஓரம், முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அழுகிறவர்கள் கூட்டத்தில். இருவரும் அவரவர் பழைய இடத்தில்!

வாசலில் துப்பாக்கிக்காரர் கை நீட்டினார். "டிக்கெட்?"

அப்பா சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். டிராலியைப் பிடித்தாள். "நவுருங்க."

கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்குள் அவளுடைய மஞ்சள் புடவை மட்டும், சின்னதாகி, சின்னதாகி.

அப்பா கண்ணாடியில் மூக்கு ஒட்டாத குறை.

"வாண்ணே, டீ குடிக்கலாம்" என்றார் சித்தப்பா.

"இருடா. அவ திரும்பிப் பாப்பா."

"அம்மா பாக்காதுப்பா" என்றேன். "நீங்க கத்துக் குடுத்ததுதானே?"

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வேன் ஹாரன் அடித்தது. எல்லாரும் ஏறினோம். அப்பா மட்டும் கண்ணாடியை விட்டு வரவில்லை.