மஞ்சள் வராத தண்ணீர்

ஏப்ரல் 12, ஞாயிறு

திருவண்ணாமலையில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் ஒருவர் கேட்டார், "என்னம்மா படிக்கிற?" பொது சுகாதாரம் என்றேன். "நர்ஸா?" நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா முந்திக்கொண்டார்: "டாக்டருக்குப் படிக்குது." உடனே அந்த ஆள் சாம்பார் கையை நீட்டி, நாடி பார்க்கச் சொன்னார்! கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அப்பாவிடம் சண்டை. "விளக்கி மாளலம்மா" என்கிறார். விளக்கிப் பார்த்தால்தானே மாளும்?

ஏப்ரல் 21, செவ்வாய்

களப்பயிற்சி தொடங்கியது. கிரிவலப்பாதையில் தண்ணீர்ப் பந்தல்களைச் சோதிக்கும் வேலை. சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டுவிட்டு ஆட்ட வேண்டும். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது. "பௌர்ணமி முடிஞ்சா எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. எவன் எங்க வாந்திபேதில படுக்குறான்னு நமக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றார் சுகாதார ஆய்வாளர் பிரகாஷ் சார். நோய் கண்ணுக்கே தெரியலைன்னா, அப்புறம் நம்மை எவன் நம்புவான்?

ஏப்ரல் 24, வெள்ளி

வேங்கிக்கால் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை வரப்போகிறதாம். பிரகாஷ் சார் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் கிடைக்கலாம். கிடைக்கணும்.

ஏப்ரல் 30, வியாழன்

நாளைக்குச் சித்ரா பௌர்ணமி. பெரியப்பா சக்கரபாணி வருஷா வருஷம் கிரிவலப்பாதையில் நீர்மோர்ப் பந்தல் போடுவார். தண்ணீர், அவர் வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான கிணற்றிலிருந்து, டிராக்டரில். சோதித்தேன், மஞ்சள் வரவில்லை. நானே குளோரின் கலந்துவிட்டு வந்தேன். பெரியப்பா நன்றாகத்தான் தலையாட்டினார்.

மே 1, வெள்ளி

நான் கலந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மோர் கலக்கியிருக்கிறார் பெரியப்பா! "சாமி காரியம். மோர்ல மருந்து வாடை அடிச்சா யார் குடிப்பாங்க? நாம தினம் குடிக்கிற தண்ணிதானே, செத்தா போயிட்டோம்?"

போன வாரக் கோடைமழையில் மாட்டுக் கொட்டகைச் சாணித்தண்ணி அந்தக் கிணத்துலதான் போய் விழுந்துச்சு. நானே பார்த்தேன்.

"உங்க பெரியப்பாவா? வேணும்னா இந்தப் பந்தலை விட்டுடலாம்மா" என்றார் பிரகாஷ் சார். விட்டிருக்கலாம். முடியலை. "கொட்டிடுங்க சார்"னு சொல்லிட்டேன்.

அண்டா அண்டாவாக, கொத்தமல்லி மிதக்க மிதக்க, அத்தனை மோரும் சாக்கடையில். "எங்க வீட்டுப் பொண்ணே கொட்டுதே, பாருங்கய்யா!" என்று பெரியப்பா கத்தினார். அப்பா பக்கத்திலேயே தலையைக் குனிந்து நின்றார். திட்டியாவது இருக்கலாம்.

மே 5, செவ்வாய்

"யாருக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலியே"ன்னு பெரியப்பா ஊரெல்லாம் சொல்றாராம். அடக் கடவுளே, குடிக்க விட்டாத்தானே ஆகும்! சே. என்ன படிப்பு இது.

மே 9, சனி

பெரியப்பா இன்னும் பேசவில்லை. வேலை பற்றியும் தகவல் இல்லை.

சாயங்காலம் அப்பாவோடு டீக்கடையில் நின்றிருந்தேன். "பொண்ணு டாக்டராமே?" என்று யாரோ கேட்டார். "இல்லீங்க. சனங்களுக்கு நோவு வராம பாத்துக்குற படிப்பு" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

"இது நல்லதா, கெட்டதா?"

"பாத்தா தெரியாதுப்பா. லேப்ல குடுக்குற பாட்டில்ல பிடிச்சு அனுப்பணும்."

பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அந்த பாட்டிலை வாங்கியா. காலையில பிடிச்சுத் தரேன், பெரியப்பா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி."