பக்தாத்துக்கு ஏலக்காய் அனுப்ப அனுமதி மறுக்கப்பட்டமை

அனுப்புபவர்:
செல்வி வீ. ஞானேஸ்வரி,
ஏற்றுமதி எழுதுவினைஞர்,
தாஸிம் வாசனைத் திரவிய ஸ்டோர்,
அலவத்துகொட, கண்டி.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
தடைநாட்டு ஏற்றுமதி அனுமதிப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: ஏலக்காயை உணவுப் பொருளாக ஏற்று, எமது நாற்பது பெட்டிகளையும் விடுவிக்க வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஈராக் மீது வர்த்தகத் தடை அமுலில் இருப்பதை அறிவேன். உணவுப் பொருட்களை முன்கூட்டி அறிவித்து அனுப்பலாம் என்ற தங்கள் சுற்றறிக்கையை மூன்று தடவை வாசித்த பின்னரே விண்ணப்பித்தேன். இம்மாதம் இரண்டாம் திகதி வந்த பதிலில், “ஏலக்காய் வாசனைப் பொருள், உணவன்று” என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது.

2. எமது சரக்கு ஜோர்தானின் அகபா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து லொறியில் பக்தாத்துக்குப் போவது. ஆகவே, படிவத்தில் ‘முடிவிடம்’ என்ற கட்டத்தில் ஜோர்தான் என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்படி எழுதுவோரும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். முதலாளி தாஸிம் அவர்கள் படிவத்தை என்னிடம் தந்து, “ஒப்பம் வெக்கிறது நீங்க, மகள். ஒங்களுக்கு சரியெண்டு படுறத எழுதுங்க” என்றார். பக்தாத் என்றே எழுதினேன். பெட்டிகள் நின்றுவிட்டன. இன்றுவரை அவர் அதற்காக என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

3. ஸ்டோரில் ஏலக்காய் தெரிவு செய்யும் பெண்கள் பதினொருவர். பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் புதிய மூடைகளை இறக்க வழியில்லை. எட்டு நாட்களாக அவர்களுக்கு வேலையும் இல்லை. அவர்களுள் மூத்தவரான சுப்பம்மா அக்கா, “ஊரு பேர மாத்தி எழுதிப்புட்டா ஏலக்கா கசக்கவா போகுது, புள்ள?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்குப் பேராதனையில் படித்தது உதவவில்லை.

4. பட்டியல்கள் ஏன் தேவை என்பது எனக்குப் புரியும். நம் நாட்டிலேயே போர் நடக்கும் வடக்கே போகும் லொறிகள் பட்டியலை வைத்துத்தான் சோதிக்கப்படுகின்றன. ஆனால், சுங்கத் தீர்வை அட்டவணையில் தேயிலையும் ஏலக்காயும் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே இருக்கின்றன. தேயிலைக்குத் தாங்கள் அனுமதி தருகிறீர்கள். “தேயிலை வந்து சேர்ந்தது, அதற்குள் போட ஏலக்காயைத்தான் காணோம்” என்று பக்தாத் வியாபாரி எழுதியிருக்கிறார்.

5. இந்த வேலையில் எனக்கு வேறு குறையொன்றும் இல்லை. மாலை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என் சேலையில் வரும் வாசனைக்கு, பாயாசம் எங்கே என்று தேடுகிறார்கள். பெட்டிகளும் இதுவரை நலமே. இந்த மழையில் இன்னும் கிடந்தால் பச்சை வெளிறிவிடும். கப்பல் இருபத்தொன்பதாம் திகதி புறப்படுகிறது.

6. மாதிரிக்காக ஐம்பது கிராம் ஏலக்காய் இணைத்துள்ளேன். அன்பளிப்பாகக் கருதப்படாதிருக்க, திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையும் வைத்துள்ளேன். அலுவலகத் தேநீரில் இரண்டைத் தட்டிப் போட்டுப் பார்ப்பதானால், மீதியை அனுப்பினாற் போதும்.

7. ஆகவே, முன்னைய முடிவை மீளாய்வு செய்து கப்பலுக்கு முன் அனுமதி தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். மறுப்பதாயின் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். அதை அந்தப் பதினொரு பேருக்கும் நானே வாசித்துக் காட்டுவேன். முடிவிடத்தை மட்டும் மாற்றி எழுதமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வீ. ஞானேஸ்வரி

இடம்: அலவத்துகொட
திகதி: 12.11.1993

இணைப்பு: மறுப்புக் கடிதத்தின் பிரதி, இம்மனுவின் சிங்கள மொழிபெயர்ப்பு, ஏலக்காய் மாதிரி, உறை.