தடம் பதியாத வளைவு

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாடையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசி வரை பேச்சு கிடையாது. எதையும் குழல் வைத்து உறிஞ்சத்தான் வேண்டும். வாயாடிக்கு வந்த தண்டனையைப் பார் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேச வழியில்லாததால்தான் கடிதம்.

நீ ஆஸ்பத்திரி வரை வந்து, அறை வாசலோடு திரும்பிவிட்டாய் என்று நர்ஸ் சொன்னார். என்னை அந்தக் கோலத்தில் பார்க்க உனக்கு மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் கண்மூடித்தனமாக வேகமாக ஓட்டினாராம். வளைவில் பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லையாம். அதனால் மூன்றில் ஒரு பங்குதான் தருவார்களாம். உன் மாப்பிள்ளை வேகமா? நண்பர்கள் அவரை "ஆமை" என்றுதானே கூப்பிடுவார்கள்? சைக்கிள்காரன் முந்திப்போனால்கூடக் கையசைத்து வழிவிடுகிற மனுஷன். கட்டிய கணவரையும் பறிகொடுத்து, அவர் பேரையும் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை.

நான் பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டேன். பார்த்த சாட்சி யாருமில்லை. நீதான் அன்று காலை உன் ஒர்க் ஷாப்பில் வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்தாய். வண்டி நன்றாக இருந்தது என்று ஒரு பில்லோ சீட்டோ அனுப்பி வை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் சின்னவள்

மார்ச் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணி தினமும் உன்னை நினைத்து அழுகிறாள்.

சொந்தத் தங்கை வண்டிக்கு யாராவது பில் போடுவார்களா? என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை.

அண்ணன் சொல்வதைக் கேள். கம்பெனி பெரிய இடம். நாம் முட்டினால் நம் தலைதான் உடையும். தருவதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடு. போட்டுவிட்டால் அந்த வண்டியையும் அவர்களே இரும்புக்கு அனுப்பிவிடுவார்கள். அது கண் முன்னால் கிடக்கவே வேண்டாம். குறைகிற பங்கை நான் மாதாமாதம் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பணம் எனக்கு வேண்டாம். அவர் மேல் தப்பில்லை என்று கம்பெனி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று அந்த வளைவுக்குப் போய் வந்தேன். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை முதலாளியம்மா காரில் கூட்டிப் போனார். வளைவுக்கு எதிரே ஒற்றை வீடு. அதில் ஒரு தையல்கார அம்மா தனியாக இருக்கிறார். ஜன்னலோரம் மெஷின். நான் நோட்டில் எழுதிக் காட்ட, அவர் படித்துப் படித்துப் பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெரிய சத்தம் கேட்டிருக்கிறது. அவர் மெஷினை விட்டு எழுந்திருப்பதற்குள் வாசல்படியில் ஓர் ஆள் நின்றிருக்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை. துளி ரத்தமில்லை. ஒரு காலில்தான் செருப்பு. தண்ணீர் கேட்டாராம். கொடுத்ததை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாராம், குடிக்கவில்லை.

"பிரேக் பிடிக்கலைம்மா. உள்ள என் வீட்டுக்காரி தூங்குறா. இடது தோளைத் தொடாம எடுங்க."

அந்த அம்மா ஓடியிருக்கிறார். காருக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தவர் அதே ஆள். அதே சட்டை. திரும்பிப் பார்த்தால் படியில் யாரும் இல்லை. தண்ணீர் டம்ளர் மட்டும், தளும்பத் தளும்ப.

அண்ணா, எனக்கு உடைந்தது இடது தோள்பட்டை எலும்பு. அதை நான் அந்த அம்மாவுக்கு எழுதிக் காட்டவில்லை. நேற்று மேலே சால்வை போர்த்தியிருந்ததால் கட்டும் வெளியே தெரியாது. மோதிய நிமிஷமே அவர் உயிர் போய்விட்டது என்று டாக்டர் அறிக்கை சொல்கிறது. வண்டித் தகட்டை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

இதைக் கம்பெனியில் சொன்னால் சிரிப்பார்கள். ஊமை கண்ட கனவு மாதிரி எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஆனால் வண்டி இன்னும் கம்பெனி யார்டில்தான் கிடக்கிறது. வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கொண்டு பிரேக்கைப் பார்க்கச் சொல்லலாமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

சின்னவள்

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

தனியாக இருக்கிற பொம்பளை எதையாவது பார்த்ததாகச் சொல்லும். அங்கே இனிமேல் போகாதே. இன்ஜினியர் வைத்தால் செலவுதான் மிச்சம். நசுங்கின வண்டியில் என்ன தெரியும்?

வாய்க் கம்பி எடுத்தாயிற்றா?

மாப்பிள்ளை வேறு என்ன சொன்னாராம்?

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

கம்பி எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. பதினோரு தடவை உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஒரு தடவை அண்ணி எடுத்து, நீ பக்கத்தில் இல்லை என்றாள். பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளை வேறு என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பொம்பளை உளறுகிறாள் என்று எழுதியவன் அதை ஏன் கேட்க வேண்டும்?

மறுபடி போனேன். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். அர்த்தம் புரியாததால் முதலில் சொல்லவில்லையாம். தண்ணீரைக் கையில் பிடித்தபடி அவர் கடைசியாகச் சொன்னது இது:

"மச்சானைத் திட்ட வேண்டாம்னு அவகிட்டச் சொல்லுங்க. அவசரத்துல செஞ்சிருப்பார்."

எனக்கு ஓர் அண்ணன் இருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதும் தெரியாது.

இருபத்தைந்தாம் தேதி இன்ஜினியர் வண்டியைத் திறக்கிறார். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 20

சின்னவளே,

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை பார்த்தபோது முன்சக்கரத்துப் பிரேக் ஹோஸ், எண்ணெய் போகிற அந்த ரப்பர் குழாய், வெடிப்பு விட்டிருந்தது. புதுசு கையில் இல்லை. வாங்கி வர மறுநாள் ஆகும். நீங்களோ கிளம்பியே ஆக வேண்டும் என்றீர்கள். கழித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். அடுத்த தடவை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. என் மேல் நம்பிக்கை குறைந்துவிடுமே என்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று சாயங்காலம் நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பாதம் வந்து நின்றது. ஒன்றில்தான் செருப்பு. "மச்சான், அந்த ஹோஸ் விட்டுடுச்சு. பரவாயில்லை, கையக் கழுவிட்டு வாங்க" என்று மாப்பிள்ளை குரல். சறுக்கி வெளியே வந்து பார்த்தால் ஷாப்பில் யாரும் இல்லை. கடிகாரத்தில் நாலே கால். உங்களைப் பற்றிப் போன் வந்தது ஆறு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரமும் நான் கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீ ஒற்றைச் செருப்பு என்று எழுதியதைப் படித்த பிறகுதான், அவர் வேறு என்ன சொன்னார் என்று உன்னிடம் கேட்டேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. ஷாப்பைப் பூட்டிவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும்.

அண்ணன்

ஜூன் 9

அண்ணாவுக்கு,

இன்ஜினியர் அறிக்கையும் உன் வாக்குமூலமும் ஒன்றுபோல் இருந்தன. கம்பெனி முழுத் தொகையும் தர ஒப்புக்கொண்டது. "வாகனத்தை ஓட்டியவர் மீது தவறு ஏதும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அதை நாலைந்து தடவை சத்தமாகப் படித்தேன். தாடை வலித்தது.

உன் மேல் கேஸ் வேண்டாம் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன முடிவு செய்வார்களோ தெரியாது. திட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் காப்பாற்றிவிட்டேன்.

ஆறு ஞாயிற்றுக்கிழமையாக அந்த வளைவுக்குப் போகிறேன். தையல்கார அம்மா உள்ளே தைத்துக்கொண்டிருப்பார். நான் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். நாலு மணி ஆகும், நாலே கால் ஆகும், லாரிகள் போகும். படியில் என்னைத் தவிர யாரும் இருப்பதில்லை. முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் வந்தார். உன்னிடம் வந்தார். பக்கத்து சீட்டில் இருந்த என்னிடம் வரவில்லை.

பழைய ஹோஸை மாட்டியதை என்றைக்காவது மன்னித்துவிடுவேன், அண்ணா. அது அவசரத்தில் செய்தது. ஆனால் அவர் வந்து நின்றார், பேசினார் என்பதை இரண்டு மாதம் உனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாயே. அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்றுகூட எனக்கு நினைவில்லை. தூங்கிவிட்டேன்.

அண்ணியை எழுதச் சொல். நீ எழுத வேண்டாம்.

தங்கை