கடைசி வரிசையில் ஒரு துண்டு

அன்புள்ள அப்பா,

வயலின் பெட்டியைத் திறந்தால் உங்கள் துண்டின் வாசம்தான் முதலில் வருகிறது. எத்தனை முறை துவைத்தாலும் அந்த டீசல் நெடி போகவில்லை. அல்லது என் மூக்குதான் அதை விடமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் டொராண்டோவில் கச்சேரி. துண்டை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

காந்திபுரத்திலிருந்து மதுக்கரை போகும் டவுன் பஸ்ஸில் நீங்கள் கண்டக்டர். ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. யாராவது "ஆளிருக்குதுங்க" என்றால், "இருக்கற ஆளக் காட்டுங்க, டிக்கெட் கிழிக்கறேன்" என்பீர்கள். நான் ஏறினாலும் உங்கள் சட்டைப் பையிலிருந்து காசெடுத்து டிக்கெட் போடுவீர்கள். சொந்தக்காரரை ஓசியில் ஏற்றினால் வண்டி நம்மை மதிக்காது என்பது உங்கள் கட்சி. வண்டி யாரையும் மதித்து நான் பார்த்ததில்லை. ஆனால் உங்களை எதிர்த்துப் பேசவும் முடிந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பூரில் வாசிக்க அழைப்பு வந்தது. குழுவுக்கு மட்டும்தான் விமானச் செலவு தருவார்கள். உங்களையும் கூட்டிப்போக நமக்கு வசதியில்லை. தொண்டாமுத்தூரிலிருந்து பெரியப்பா வந்து குதித்தார். நம் வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லாத சபையில் கல்யாணமாகாத பெண் போய் வாசிப்பதா, அனுப்பக் கூடாது என்றார். நான் அழுதேன். நீங்கள் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நம்மூட்டு ஆள் ஒருத்தர் சபையில இருக்கோணும், அவ்வளவுதானுங்களாண்ணா? இருப்பாங்க."

மறுநாள் என்னைப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனீர்கள். அந்த அரங்கத்துக்கு இன்டர்நெட்டிலேயே டிக்கெட் வாங்கலாம் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும். கடைக்காரர் இரக்கப்பட்டுத் தன் கிரெடிட் கார்டைப் போட்டுப் பார்த்தார். அது இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும் கார்டு. வெளிநாட்டில் செல்லும் கார்டு யாரிடம் இருக்கும் என்று விசாரித்துக்கொண்டு, உங்கள் ஓய்வு நாளில் என்னோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினீர்கள். அங்கே பனியன் ஏற்றுமதி செய்யும் உங்கள் பள்ளித் தோழரிடம் அது இருந்தது. ஆனால் லைன் அறுந்து அறுந்து போனது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அவர்.

"டிக்கெட் கைக்கு வராம எறங்க மாட்டனுங்க" என்று நீங்கள் நாற்காலியை விட்டு எழவேயில்லை.

பொழுது சாயும்போது கிடைத்தது. விலை குறைந்த கடைசி வரிசை. கண்டக்டர் சீட்டு என்று சிரித்தீர்கள். அச்செடுத்த தாளை நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டைப் போல விரலிடுக்கில் செருகிக்கொண்டுதான் வீடு வந்தீர்கள்.

வராத ஆளுக்கு எதற்கு டிக்கெட் என்று பெரியப்பா கேட்டார். நீங்கள் தோளிலிருந்த துண்டை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தீர்கள். "துண்டு மட்டும் போட்டா சண்டை வரும் கண்ணு. டிக்கெட்டும் வாங்கிப்போட்டு துண்டு போட்டா ஒருத்தரும் எடுக்க முடியாது." பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அவர் தடுக்கவில்லை.

சிங்கப்பூரில் அந்த இருக்கையில் துண்டை விரித்து, டிக்கெட்டை அதன்மேல் ஊக்கால் குத்தினேன். பாதிக் கச்சேரியில் அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் ஒரு தொண்டர் துண்டைத் தூக்குவது மேடையிலிருந்து தெரிந்தது. எனக்கு ஒரு சுரம் தப்பியது. அவர் தாளைப் படித்தார், துண்டை மறுபடி விரித்தார், நின்றிருந்தவரை வேறு பக்கம் அனுப்பினார். அதற்குப் பிறகு நான் வாசித்ததுதான் வாசிப்பு, அப்பா.

நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வெளிநாட்டுக் கச்சேரி என்றால், விற்பனை தொடங்கியதும் போனிலேயே கடைசி வரிசையில் ஒரு டிக்கெட் வாங்கிவிடுகிறேன். குடும்பத்துக்கு இலவச பாஸ் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்றுவிடுவேன். நீங்கள் ஓசியில் உட்கார மாட்டீர்கள்.

நேற்று டொராண்டோ அமைப்பாளர் பேசினார், நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் கேட்டு வருகிறார்கள், போன முறையும் காலியாகக் கிடந்த அந்த ஒரு இடத்தை விட்டுக்கொடுக்கலாமே என்று கெஞ்சினார். ஆனாலும் நான் கண்டக்டர் மகள்.

"ஆளிருக்குதுங்க" என்றேன்.