சகீனா அக்கா வீட்டுப் பச்சை ரிப்பன்

அஸ்ஸலாமு அலைக்கும். மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களாங்க? போன்ல சொன்னா உங்க காதுக்கு எட்டாது, அதான் எழுதறேன்.

சனிக்கிழமை இங்க ஆயர் குரோ ஊர்ல நான் சமைக்கிற வீட்டு ஹால்ல இருந்தவங்க: வீட்டுப் பிள்ளை ரிதுவான், நம்ம ஜமாஅத்து இனாயா, கோயில் சங்கத்து மகாலிங்கம் சார், சர்ச்சிலேர்ந்து ஜனகா டீச்சர், டீ ஊத்திக்கிட்டு நான். ரிதுவான் கூட்டத்துக்கு எஃபெக்டிவ் அல்ட்ரூயிசம்னு பேராம். அதே உழைப்பு எங்க அதிகமா உதவும்னு பாத்துச் செய்றதாம். எல்லாரும் சேர்ந்து வேலை செய்யணும்னு, நம்ம ஊர் லூபோக் சீனாவுல அரிசி கொடுக்கிற மூணு சங்கத்து லிஸ்டையும் ஒண்ணா வச்சாங்க.

நம்ம பக்கத்துத் தெரு சகீனா அக்கா பேர் மூணுலயும் இருக்கு. அரிசி கொடுத்ததா ஒண்ணுலயும் இல்ல! நான் லிஸ்டையே பாத்துக்கிட்டு டீயைக் கப்புக்கு வெளிய ஊத்திட்டேன். சுடல, பயப்படாதீங்க.

"கேட்ல பச்சை ரிப்பன் இருந்துச்சேம்மா, வேற சங்கம் கொடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்?"னாரு மகாலிங்கம் சார்.

டீச்சர் உடனே அக்காவுக்குப் போன் போட்டாங்க.

"அந்த ரிப்பனா? பெருநாளுக்கு யாரோ அழகுக்குக் கட்டினாங்கன்னு நெனச்சேன்லா. அஞ்சு மாசமா யாரும் வரல"ன்னாங்க அக்கா.

இந்தக் கடுதாசியும் அரிசியும் ரிதுவான் கார்ல வருது. அவன்கூட அக்கா வீட்டுக்குப் போங்க. அக்காவுக்குக் கால் சரியில்ல, கதவைத் தட்டிட்டுக் காத்திருங்க. அவன்கிட்ட என் கம்பளிச் சட்டையக் கொடுத்துவிடுங்க, இங்க தனியாப் படுத்தாக் குளுருது.

நோன்பு இருபத்தேழு அன்னிக்கு நான் ஊர்ல இருந்தப்ப, "அரிசி நாளைக்கு வரும்"னு என்கிட்ட சொல்லி, அக்கா கேட்ல ரிப்பனை மட்டும் கட்டிட்டு ஒருத்தர் மோட்டார்ல போனதை நான் கண்ணால பாத்தேன். ரிப்பனைப் பாத்துத் திரும்பினவங்களை மன்னிச்சிட்டேன். அதைக் கட்டின உங்க தம்பி அப்துல் முத்தலிப்பை மன்னிக்கவே மாட்டேன்.