மாமா ருசி பார்க்காத சாஸ்

மாமா, இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்றமாட்டேன்.

இன்று பள்ளியில் ரத்தப் பரிசோதனை. நர்ஸ் அக்கா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் என் கையைத் துடைத்தார். அந்த வாசனையில் அன்றைய நம் அடுப்படி அப்படியே கண்முன் வந்துவிட்டது. ஊசி குத்துவதற்கு முன்பே அழுதேன். "இம்புட்டுப் பெரிய பிள்ள, ஊசிக்கா அழுகுற?" என்று சிரித்தார்.

நீங்கள் லீவுக்கு வந்திருந்தபோது, கோவா ஹோட்டலில் சமைக்கும் பாஸ்தா வேண்டுமென்று நச்சரித்தது நான்தான். தக்காளி, கிரீம், வோட்கா சேர்ந்த சாஸ். "வோட்கா இல்லாம செஞ்சு தாரேன் பாப்பா" என்றீர்கள். "தக்காளி வாசத்தைத் தூக்கிக் குடுக்கிறதே அதுதான்னு படிச்சேன். இல்லாட்டி அது வெறும் தக்காளித் தொக்கு மாமா" என்றேன். இனிக் குடிப்பதில்லை என்று மாதா கோயிலில் பீடத்தின் முன் முழந்தாளிட்டு நீங்கள் வாக்குக் கொடுத்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்களை ஒயின்ஷாப் வரிசையில் நிற்க வைத்தேன்.

வெண்ணெயில் பூண்டும் தக்காளியும் சுண்டிச் செங்கல் நிறமானதும் வோட்காவை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "செத்த நேரம் கொதிக்கட்டும், காட்டம் போயிரும்." கிரீம் சேர்த்த பிறகு கரண்டியை என்னிடம் நீட்டினீர்கள். "என் நாக்குல படக்கூடாது. நீயே உப்புப் பாரு." நான் தட்டு நிறையச் சாப்பிட்டேன். நீங்கள் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏலே, ஒயின்ஷாப்புல நின்னியாமே?"

"சமையலுக்குத்தான் அக்கா."

"யாருக்குடா காது குத்துற?" அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயாடி கேட்ட?"

"இல்லம்மா. மாமாவாத்தான் செஞ்சாரு."

நீங்கள் என்னை ஒரு முறை பார்த்தீர்கள். "ஆமாக்கா, என் தப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அதன்பின் கோவாவிலிருந்து பெட்டியில்தான் வந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். அம்மா மட்டும் கல்லறைத் தோட்டத்தில், "குடிதான்டா உன்னயக் கொண்டுபோச்சு" என்று கதறினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அன்னைக்கு அவன் அதுல ஒரு வாயாவது சாப்ட்டானா?"

"இல்லம்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அங்க போயி எத்தன தடவ போன் போட்டான். நான் எடுக்கவே இல்லையே."

உங்கள் பெயரை மீட்டுவிட்டால் எனக்குப் பாரம் குறையும் என்று எண்ணியிருந்தேன். குறையவில்லை மாமா. இப்போது அம்மாவுக்கும் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்காக ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து, நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் பக்கத்து விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்.