குட்டியின் வலது பக்கம்

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பழுப்பு நிற அயோடின் புட்டி கையில் வந்தது. மூடியைத் திறந்ததும் நம் சவாரிக் குதிரை குட்டி போட்ட அன்று காலை வாசம்தான் மூக்கில் ஏறியது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. தொப்புளில் மருந்து வைத்து, தாய் நக்கி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அந்த ஈர உடம்பைக் காது, வாய், வயிறு, குளம்பு என்று தடவிக்கொண்டே இருந்தீர்கள். நம் மூன்று பிள்ளைகளில் ஒன்றைக்கூட நீங்கள் அப்படிக் கொஞ்சியதில்லை.

நான் கை நீட்டியபோது என்ன சொன்னீர்கள்? “நீ தொடாத லா. உன் மேல ஃபேக்டரி வாசம். குட்டி பயந்துக்கும்.” பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபது வருஷம் உழைத்து வீட்டைத் தாங்கிய கை இது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் செத்துப்போனதற்காக அதை நான் விடப்போவதும் இல்லை.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் குளம்பு சீவுகிறவர் வந்தார். இடது கால்கள் இரண்டையும் குட்டி சமர்த்தாகக் கொடுத்தது. வலது பக்கம் போனாரோ இல்லையோ, விட்டது ஓர் உதை. வாளி பறந்தது. “அக்கா, இந்தப் பக்கம் யாரும் தொட்டதே இல்ல போல” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் குட்டியின் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, இடது பக்கம் மட்டும் தடவியிருக்கிறீர்கள். ஓடினால் துரத்த முடியாத முட்டிவலி உங்களுக்கு. சொன்னால் பத்து ஃபெரிங்கி ஊர்க் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுவதை நிறுத்தச் சொல்வேன் என்று மறைத்துவிட்டீர்கள். என்ன வீம்பு! பாதிக் குட்டியைப் பழக்கிவிட்டு, மீதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்.

உதைத்த சேதி கேட்டு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து உங்கள் தம்பி வந்துவிட்டார். “வித்துடுங்க அண்ணி. ஒதைக்கிற குட்டிய வச்சிக்கிட்டு தனியா என்ன செய்வீங்க?”

“ஆறு வாரம் கழிச்சு மறுபடி குளம்பு சீவ வருவாங்க. வந்து பாருங்க தம்பி. அப்பவும் ஒதைச்சா நானே லோரிய கூப்பிட்டு வித்து ஏத்திவிடறேன்” என்றேன்.

வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குத்தான். சுவர் பக்கம் நிறுத்தவே இல்லை, நடுவில் விட்டேன். ஓடினால் கையை எடுக்காமல் கூடவே ஓடினேன். “அது நிக்கிறப்போ கைய எடு, ஓடறப்போ எடுக்காத” என்பீர்களே, அதை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் தோள். அப்புறம் விலா, தொடை. தொடைக்குப் போனபோது வாங்கிய உதையில் ஒரு வாரம் நொண்டினேன். யார் அடித்தது என்று ஃபேக்டரியில் கேட்டார்கள். வீட்டுப் பிள்ளைதான் என்றேன்.

நேற்று குளம்பு சீவுகிறவர் மறுபடி வந்தார். உங்கள் தம்பியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது பின்னங்கால் மேலே போனது. குட்டி வாலைக்கூட அசைக்கவில்லை.

“அக்கா, யாரு பழக்கினது?” என்று குளம்பு சீவுகிறவர் கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

இடது பக்கம் உங்கள் வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பெயரை எடுத்தால் அழுதுவிடுவேன். அழுதால் உங்கள் தம்பி மறுபடியும் விற்கச் சொல்வார். அதனால்தான் சொல்லவில்லை.